நீலப் பட்டை

அவர் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்ற காலை, பள்ளியின் இரண்டாவது மாடியிலிருந்து ஒரு மேசை முற்றத்தில் வந்து விழுந்தது. கீழே யாரும் இல்லாதது அதிர்ஷ்டம். அண்ணாந்து பார்த்தால் ஒரு தலையும் தெரியவில்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"வரவேற்பு பலமா இருக்கு மேடம்," என்றார் துணைத் தலைமையாசிரியர். ஓய்வு பெறும் நாளை எதிர்பார்த்துக் காத்திருந்தவர். எதையும் வேடிக்கையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது அவர் வழக்கம்.

முன்பிருந்த தலைமையாசிரியர் மருத்துவ விடுப்பில் போனவர், திரும்பி வரவேயில்லை. இடைவேளை மணி அடித்தால் ஆசிரியர்கள் ஓய்வறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்வார்கள். தாழ்வாரத்தில் நடக்க வேண்டியிருந்தால் சுவரை ஒட்டியே நடப்பார்கள். கழிவறையில் ஒரு குழாய்கூட மிச்சமில்லை. ஆங்கிலம் எடுக்க வந்த இளம் ஆசிரியை முதல் வாரத்திலேயே வகுப்பிலிருந்து அழுதுகொண்டே ஓடிவந்ததைப் பள்ளி முழுக்கப் பார்த்திருந்தது.

புதிய தலைமையாசிரியைக்கு ஐம்பது வயது இருக்கும். வேதியியல் படித்தவர். குரலை உயர்த்தும் பழக்கம் இல்லை. முதல் வேலையாக, காலை மணி அடித்ததும் வெளிக்கதவைப் பூட்டச் சொன்னார். தாமதமாக வந்தவர்கள் வீட்டுப் பெரியவரோடு வந்தால்தான் உள்ளே விடுவார்கள். ஒரே வாரத்தில் பிள்ளைகள் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டில் அதைச் சொன்னபோது, மருந்துக் கடை வைத்திருந்த அவர் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீ பூட்டுன்னா அப்ப நான் யாரு, சாவியா?"

"சாவி தொலைஞ்சு ரொம்ப நாளாச்சுங்க," என்றார் இவர்.

வெளிக்கதவைப் பூட்டியதால் உள்ளே நடந்ததெல்லாம் அடங்கிவிடவில்லை. மூன்று மாடி, இரண்டு படிக்கட்டு, ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள். இருக்கிற ஆசிரியர்களை வைத்து எல்லா மூலையையும் பார்க்க முடியாது. பிள்ளைகளைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார். மேல் வகுப்புகளிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து, கையில் நீலப் பட்டை கட்டிவிட்டு, மாடிக்குச் சிலரை நிறுத்துவது. அவர்களுக்கெல்லாம் தலைவியாக அவர் தேர்ந்தெடுத்த பெண்ணின் பெயரைக் கேட்டதும் ஆசிரியர் ஓய்வறையே கொதித்தது. அந்தப் பெண்ணைப் பள்ளியை விட்டு அனுப்ப வேண்டும் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

பதினோராம் வகுப்பில் படித்த பெண் அவள். நல்ல உயரம், யாரையும் நேராகப் பார்க்கும் கண்கள். சக மாணவன் ஒருவனை எஃகுத் தண்ணீர்ப் புட்டியால் அடித்ததில் அவன் புருவம் கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. அதற்காகத்தான் முதல் முறையாகத் தலைமையாசிரியையின் அறைக்கு வந்தாள்.

"எதுக்கு அடிச்சே?"

"என் ஃப்ரெண்டப் பத்தி கண்டபடி பேசினான்."

"டீச்சர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். அடுத்த பீரியட்ல பாக்கலாம்னாங்க. அதுக்குள்ள அவன் இன்னும் பேசிட்டான்."

தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "இந்த ஸ்கூல்ல உன்னப் பாத்து எத்தன பேரு பயப்படுவாங்க?" என்று கேட்டார்.

"நெறைய பேரு மேடம்."

"நல்லது. அந்தப் பயம் எனக்கு வேணும்."

பெண் புரியாமல் பார்த்தாள். விளங்கிய பிறகு அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவர் கவனித்தார். அதுவரை எந்தப் பெரியவரும் அவளிடம் எதையும் நம்பி ஒப்படைத்திருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. அம்மா வெளிநாட்டில் வேலை பார்க்க, அவள் சித்தி வீட்டில் வளர்ந்தாள். சித்தி தன் வீட்டு முன்னறையில் இரண்டு நாற்காலியும் ஒரு பெரிய கண்ணாடியும் போட்டு அழகு நிலையம் நடத்தினாள். சில வாரங்கள் கழித்து அந்தச் சித்தி பள்ளிக்கே வந்தாள்.

"மேடம், நீங்க என்ன வசியம் வெச்சீங்களோ தெரியல. முன்னெல்லாம் இவள எழுப்பவே தண்ணி தெளிக்கணும். இப்ப எனக்கு முன்னாடி எந்திரிச்சு, அந்தப் பட்டைய இஸ்திரி போட்டுட்டு நிக்கிறா. என் அக்கா போன்ல அழுதுட்டா மேடம், சந்தோஷத்துல."

பள்ளி அடங்கியது. யாரும் எதிர்பாராத வேகத்தில் அடங்கியது. மணி அடித்ததும் வரிசைகள் தாமாக அமைந்தன. படிக்கட்டில் இடப்பக்கமாக ஏறினார்கள், வலப்பக்கமாக இறங்கினார்கள். ஓய்வறைத் தாழ்ப்பாள் துருப்பிடித்தது. கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்து பார்த்துவிட்டு, மற்றப் பள்ளித் தலைமையாசிரியர்களையும் அழைத்து வந்து காட்டினார். அவர்கள் தாழ்வாரத்தில் நின்று, வகுப்புகளிலிருந்து ஆசிரியர்களின் குரல் மட்டும் வருவதைக் கேட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எப்படி மேடம்?" என்று கேட்டவர்களுக்கு அவர் ஒரே பதிலைச் சொன்னார். "பொறுப்பக் குடுத்துப் பாருங்க. பிள்ளைங்க நிமிந்துடுவாங்க."

அப்படி ஒரு வருகைக்கு முந்தைய நாள், அவர் மேசையில் தாள்கள் குவிந்துகிடந்த நேரத்தில் அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். சொன்னா கேக்காதவங்கள என்ன பண்றது?"

"கேக்க வைக்கணும்."

"சில பேரு எப்படிச் சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாங்க. சிரிக்கிறாங்க."

அவர் நிமிரவில்லை. கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "இங்க பாரு, ஒவ்வொண்ணுக்கும் என்கிட்ட வந்து நின்னா உனக்கு எதுக்குப் பட்டை? எப்படிப் பண்ணுவியோ எனக்குத் தெரிய வேணாம். வராண்டா அமைதியா இருக்கணும், அவ்வளவுதான்," என்றார்.

அவள் கையிலிருந்த பட்டையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "சரி மேடம்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பின் ஒருநாள் ஆங்கில ஆசிரியை தயங்கித் தயங்கி வந்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தனியாகக் கழிவறைக்குப் போக மறுக்கிறார்கள் என்றார். ஒருவன் தலையோடு நனைந்து வந்தான், கேட்டால் வழுக்கி விழுந்தேன் என்கிறான். இன்னொருத்தியின் உள்ளங்கை வீங்கியிருக்கிறது.

"யாரு பண்ணாங்கன்னு பேர் சொல்றாங்களா?"

"இல்ல மேடம். ரொம்ப பயப்படுறாங்க."

"கொஞ்சம் பயம் இருக்கட்டும் மிஸ். பயமே இல்லாம இருந்தப்போ நீங்க எப்படி அழுதுக்கிட்டு ஓடி வந்தீங்க, மறந்துட்டீங்களா?"

ஆசிரியையின் முகம் சிவந்தது. திரும்பிப் போய்விட்டார். அவர் போன பிறகு தலைமையாசிரியையின் மனத்தில் என்னவோ உறுத்தியது. எழுந்து போய் எட்டாம் வகுப்பைப் பார்த்துவிட்டு வரலாமா என்றுகூட நினைத்தார். தொலைபேசி மணி அடித்தது. அதை எடுத்துப் பேசியதில் அந்த நினைப்பும் போயிற்று.

எட்டாம் வகுப்பில் ஒரு பையனுக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர். வாய் ஓயாது. கிரிக்கெட் வர்ணனை, விளம்பரக் குரல், ஆசிரியர்கள் தும்முவது, எல்லாம் அவன் வாயிலிருந்து வரும். அப்பா கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வேன் ஓட்டுநர். அம்மா ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை. இருவரும் விடியும் முன்பே கிளம்பிவிடுவதால் பையன் தானே எழுந்து, தானே குளித்து, தானே கதவைப் பூட்டிவிட்டு வர வேண்டும். அதனால் அடிக்கடி தாமதம். கூட்டிவர வீட்டில் ஆள் இல்லாததால், சிற்றுண்டிச் சாலைக்குப் பின்னால் இருந்த சுவரை ஏறிக் குதிப்பான்.

அன்றும் குதித்தான். கீழே நீலப் பட்டைகள் நின்றிருந்தன. அவன் அவர்களையும் வர்ணிக்க ஆரம்பித்துவிட்டான். "இதோ வருகிறார் கேப்டன், கையில் பட்டை, கண்ணில் நெருப்பு..." கூட இருந்தவர்களுக்குச் சிரிப்பு வந்தது. தலைவிக்கு வரவில்லை.

தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், விளையாட்டுச் சாமான் அறை இருந்தது. சன்னல் கிடையாது. பழைய ஜிம்னாஸ்டிக் மெத்தைகள், கிழிந்த வலைகள், மைதானத்தில் கோடு போடும் சுண்ணாம்புத் தூள் மூட்டைகள். சொல்பேச்சுக் கேட்காதவர்களை ஒரு பாடவேளை அதற்குள் அடைத்து வைப்பது அந்நேரம் நீலப் பட்டைகளுக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. கைபேசி ஒளித்து வைத்திருப்பார்கள் என்று பையைக் கதவுக்கு வெளியே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ரேடியோவின் பையையும் வாங்கி வைத்தார்கள். அவனுக்கு மூச்சிரைப்பு நோய் உண்டு. அவன் மருந்து, பையின் பக்கவாட்டுப் பைக்குள் இருந்தது.

விசில் சார் என்று எல்லோரும் கூப்பிடும் உடற்கல்வி ஆசிரியர், பந்து எடுக்கக் கதவைத் திறந்தபோது பையன் மெத்தைமேல் குப்புறக் கிடந்தான். உடம்பெல்லாம் வெள்ளைத் தூள். அவர் விசிலை ஊதவில்லை. வாய்விட்டு அலறினார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் தலைமையாசிரியை அறையிலிருந்து ஓடி வந்தார்.

அவரே காரை எடுத்தார். பின்னிருக்கையில் விசில் சார் பையனை மடியில் போட்டுக்கொண்டு வாயில் வாய் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். கார் கிளம்பும்போது அந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடி வந்து, சன்னல் வழியாக உள்ளே போட்டாள். அவள் முகத்தைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

அவசரப் பிரிவில் ஒரு செவிலியர் அந்தப் பையைத் திறந்து பார்த்தார். மருந்தை வெளியே எடுத்து உயர்த்திப் பிடித்து, "இது கூடவே இருந்திருக்கே! ஏன் குடுக்கல?" என்றார். விசில் சார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தலைமையாசிரியை, "பை வெளிய இருந்துச்சு," என்றார். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் வெகுநேரம் மூச்சு இல்லாமல் இருந்ததில் மூளைக்குப் பாதிப்பு இருக்கும், எவ்வளவு என்று போகப் போகத்தான் தெரியும் என்று மருத்துவர் சொன்னார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நீளமான பெஞ்சு போட்டிருந்தார்கள். தொழிற்சாலைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அவன் அம்மா ஓடி வந்து அதில் உட்கார்ந்தாள். நடந்தது என்னவென்று அவளுக்கு அப்போது தெரியாது. பள்ளியில் மூச்சிரைப்பு வந்துவிட்டது என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். அவள் தலைமையாசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களே கார்ல கொண்டாந்தீங்களாமே மேடம். யாரு இப்படிப் பண்ணுவாங்க? நல்லா இருப்பீங்க. நீங்க வந்தப்புறம்தான் இவன் கொஞ்சம் அடங்கினான். ராத்திரி, நாளைக்கு ஸ்கூல்னு சொன்னாலே முகமெல்லாம் பயந்து போயிடும். சரி, படிப்புல அக்கறை வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

தலைமையாசிரியைக்குக் கையை இழுத்துக்கொள்ளத் துணிவில்லை. அந்தக் கையில் ரொட்டி மாவின் வாசனை இருந்தது.

நிர்வாகக் குழு கூடியது. குழுத் தலைவர் கட்டட ஒப்பந்ததாரர். பள்ளியின் மூன்றாவது மாடி அவர் கட்டியது. கூட்டத்துக்கு முன்பே அவர் தலைமையாசிரியையைத் தனியாக அழைத்துப் பேசினார். மிரட்டவில்லை. அப்பாவைப்போல் பரிவாகத்தான் பேசினார்.

"நீங்க ஒண்ணும் வாயத் திறக்க வேணாம் மேடம். அந்தப் பொண்ணு அளவு மீறிட்டா. ஸ்கூல் விதியில அடைச்சு வைக்கச் சொல்லி எங்கேயும் இல்ல. உங்கள இழந்துட்டா அடுத்த வாரமே மாடியிலேருந்து மறுபடி மேசை விழும். ஆயிரம் புள்ளைங்க இருக்கு. அவங்களையும் நெனச்சுப் பாருங்க."

அது முழுப் பொய் இல்லை என்பதுதான் சங்கடம். அவர் அந்த ஆயிரம் பிள்ளைகளை நினைத்துக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தார்.

அந்தப் பெண் பட்டை இல்லாமல் வந்து நின்றாள். கட்டிக் கட்டிப் பழகிய இடத்தில் கையின் நிறம் சற்று வெளுத்திருந்தது.

"யாரு சொல்லி அடைச்சே?" என்றார் குழுத் தலைவர்.

அவள் தலைமையாசிரியையைப் பார்த்தாள். நேராக, கண்கொட்டாமல். அவர் தனக்கு முன்னால் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் சொல்லல சார். நானாதான் பண்ணேன்."

"மேடத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அதுவும் உண்மைதான். தெரிய வேண்டாம் என்று சொன்னவருக்குத் தெரியாது. 'நான்தான் சொன்னேன்' என்ற இரண்டே சொல் அவர் தொண்டைவரை வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. துணைத் தலைமையாசிரியர் கூரையைப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் அவரிடம் வேடிக்கை எதுவும் இல்லை. பெண்ணைப் பள்ளியிலிருந்து நீக்குவது, நன்னடத்தைச் சான்றிதழில் காரணத்தைக் குறிப்பது, காவல் துறைக்கு அவள் பெயரைக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

வெளியே சித்தி காத்திருந்தாள். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். விரலில் சாயக் கறை.

"மேடம், நீங்கதானே இவள ஆளாக்கினீங்க? நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்களே. என் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

"முடிவு எடுத்தாச்சும்மா," என்றார் அவர். சொல்லிவிட்டுக் காரை நோக்கி வேகமாக நடந்தார்.

அன்று மாலை கணவர் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்திருந்தார். ஊர்ப்பேச்சு முழுவதும் மருந்துக் கடைக்கு வராமலா இருக்கும்? சாப்பாடு எடுத்து வைத்தார். இவர் தட்டைத் தொடவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னார். கையெழுத்துப் போட்டுக்கொண்டே தலைநிமிராமல் அந்தப் பெண்ணுக்குச் சொன்ன வார்த்தைகளையும் சொன்னார். அதைச் சொல்ல நெடுநேரம் பிடித்தது.

"ஏங்க, நான் அடைச்சு வைக்கச் சொல்லலியே," என்றார் முடிவில்.

கணவர் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார்.

"என் கடையில வேலை பாக்குற ஆளு மருந்த மாத்திக் குடுத்துட்டான்னு வை. 'நான் சொல்லலியே'ன்னு நான் சொல்ல முடியுமா? லைசென்ஸ்ல என் பேருதானே இருக்கு."

"அதுக்காக எல்லாத்தையும் விட்டுடறதா? இத்தன வருஷம் உழைச்சிருக்கேன்."

"விடுன்னு நான் சொல்லலம்மா. நீ கேட்டே, சொன்னேன். சோறு ஆறுது, சாப்பிடு."

மறுநாள் பிற்பகல் அவர் அந்தச் சித்தி வீட்டுக்குப் போனார். முன்னறையில் பெண் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். சித்தி இவரைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். பெண் துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"நான் அதிகாரிங்ககிட்ட உண்மையச் சொல்லப் போறேன்," என்றார் தலைமையாசிரியை. "நான்தான் உன்ன அப்படிப் பண்ண வெச்சேன்னு."

"இப்ப எதுக்கு மேடம்? நேத்து நான் உங்களப் பாத்தேனே."

பெண் மறுபடி கூட்ட ஆரம்பித்தாள். கறுப்பு முடியும் நரைமுடியும் ஒரே குவியலாகச் சேர்ந்தன. திடீரென்று நிறுத்திவிட்டு, அவரைப் பார்க்காமலே பேசினாள்.

"நான் கதவுகிட்டயேதான் நின்னேன். அவன் மொதல்ல ஏதோ நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசிக்கிட்டு இருந்தான். அப்புறம் இருமினான். கதவத் தட்டினான். 'அக்கா, அக்கா'ன்னு கூப்பிட்டான். நடிக்கிறான்னு நெனச்சேன், அவன்தான் எல்லாரையும் மாதிரி நடிப்பானே. அப்புறம் சத்தம் நின்னுடுச்சு. எனக்கு சந்தோஷமா இருந்துச்சு மேடம். அடங்கிட்டான்னு கிளாஸுக்குப் போய்ட்டேன்."

கண்ணாடியில் இருவர் முகமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. தலைமையாசிரியை அவள் தோளைத் தொடக் கை நீட்டினார். அவள் ஓர் அடி விலகிக்கொண்டாள்.

"நீங்க போய்ச் சொல்லுங்க, சொல்லாம இருங்க. அவன் கூப்பிட்டது எனக்குத்தானே கேட்டுச்சு."

அவர் போய்ச் சொன்னார். முதலில் கல்வி அலுவலகத்தில், பிறகு காவல் நிலையத்தில், பின்னால் சிறார் விசாரணை மன்றத்தில். பெண் தன்னிடம் வந்து கேட்டதையும், தான் சொன்ன பதிலையும், ஆங்கில ஆசிரியை எச்சரித்தபோது அவரை வாயடைத்து அனுப்பியதையும் ஒன்று விடாமல் சொன்னார். குழுத் தலைவர் தொலைபேசியில் கத்தினார், கெஞ்சினார், கடைசியில் வைத்துவிட்டார். தலைமையாசிரியையைப் பணியிடைநீக்கம் செய்தார்கள். விசாரணை முடிவில் தலைமைப் பொறுப்பிலிருந்து இறக்கி, தொலைவிலிருந்த ஒரு பள்ளிக்கு வேதியியல் ஆசிரியையாக அனுப்பினார்கள். அந்தப் பெண்ணை மன்றம் காப்பகத்துக்கு அனுப்பவில்லை. கண்காணிப்பில் இருக்கச் சொல்லி வீட்டுக்கு விட்டது. ஆனால் பள்ளி அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவள் படிப்பு அதோடு நின்றது. சித்தியின் கடையில் இரண்டாவது நாற்காலி அவளுடையதாயிற்று.

சக ஆசிரியர்கள் பலர் அவரோடு பேசுவதை விட்டார்கள். "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்," என்றார்கள். பட்டைகளைக் கழற்றிய பிறகு பள்ளி பழையபடி ஆகத் தொடங்கியிருந்தது. ஆங்கில ஆசிரியை வேலையை விட்டுவிட்டுப் போனார்.

பணியிடைநீக்கத்தில் இருந்த காலத்தில், விசாரணை மன்றத்து வராந்தாவில் ஒருநாள் பையனின் அப்பா அவரைத் தடுத்து நிறுத்தினார். அடிக்கப்போகிறார் என்று நினைத்து அவர் நகராமல் நின்றார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. அந்த மனிதர் வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே தலைகுனிந்து கேட்டார்.

"பையன் நடக்குறான் இப்ப. காலு கொஞ்சம் இழுக்குது. பேச்சு வருது, ஆனா ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல நாம ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம். உங்க ஸ்கூல்ல இனிமே வெச்சுக்க முடியாதுன்னுட்டாங்க. வசதி இல்லையாம். போற எடமெல்லாம் இதேதான் சொல்றாங்க. உங்களுக்கு நெறைய ஹெட்மாஸ்டருங்களத் தெரியும்ல?"

மறுநாளிலிருந்து அவரும் அந்த மனிதரும் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினார்கள். ஒரு காலத்தில் தாழ்வாரத்தில் நின்று, "எப்படி மேடம்?" என்று கேட்டவர்கள்தான் பெரும்பாலும் அங்கே இருந்தார்கள். டீ வரவழைத்தார்கள், வருத்தம் தெரிவித்தார்கள், இடமில்லை என்றார்கள். ஒருவர், "உங்க முறைய நாங்களும் கொண்டு வந்தோம், நல்லா வேலை செய்யுது," என்று பெருமையாகச் சொன்னார். இவர் எழுந்து நின்று, அதை இன்றைக்கே நிறுத்துங்கள் என்றார். அந்தத் தலைமையாசிரியர் சிரித்தார். "உங்க ஸ்கூல்ல ஏதோ ஒரு பொண்ணு தப்பாப் போச்சு மேடம். இங்க அப்படி இல்ல." தாழ்வாரத்தில் சிவப்புப் பட்டைகள் கட்டிய பிள்ளைகள் நின்றிருந்தார்கள். இவர் அவர்களில் ஒரு பிள்ளையிடம் நின்று பேச முயன்றார். காவலாளி வந்து வழிகாட்டி வெளியே அழைத்துப் போனார்.

கடைசியில், நகரின் ஓரத்தில் இருந்த சின்னப் பள்ளி ஒன்று, இரண்டு வகுப்பு கீழே போட்டு அவனைச் சேர்த்துக்கொண்டது. முதல் நாள் அவன் அம்மா தொழிற்சாலையில் விடுப்புச் சொல்லிவிட்டு அவனோடு வந்தாள். அவன் பழைய பள்ளியின் தலைமையாசிரியையும் வந்திருந்தார். வாசலில் பையன் அவரை அடையாளம் கண்டுகொண்டான். உதடு அசைந்தது. சொல் கிடைக்கவில்லை. அவன் தேடிக்கொண்டே நின்றான். அம்மா அவன் முதுகில் கைவைத்து, "போப்பா, லேட்டாகுது," என்று உள்ளே அனுப்பினாள்.

அவன் காலை இழுத்து இழுத்துப் போய் வகுப்பு வாசலில் மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைலேருந்து நீங்க வர வேணாம்," என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. "என் வீட்டுக்காரரு உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு. எனக்கு வாய் வரல."

"சரிம்மா," என்றார் அவர்.

அங்கிருந்து ஊருக்குள் போக ஒரே பேருந்துதான். நிறுத்தத்தில் இருவரும் காத்திருக்க வேண்டியிருந்தது. வெயில் ஏறியது. நிழலுக்கு இருந்த ஒரே தகரக் கூரையின் கீழ் அம்மா நின்றாள். அவர் வெளியே நின்றார். பேருந்து வந்தபோது அம்மா முன்வாசலில் ஏறினாள். அவர் கூட்டத்தோடு பின்வாசலில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.